பின்வாசல் மரியம்மாள் குடிக்காத டீ

புனே நகரின் கோந்த்வா பாரிஜாத் என்கிளேவ் குடியிருப்பின் பின்வாசலில் பதினேழு ஆண்டுகள் வெயிலுக்கு விலகாமல், மழைக்கு மறையாமல், எவர் முகத்துக்காகவும் வளையாமல் நின்ற காவற் பெருமாட்டியே! கண்டிப்பைக் கண்ணியத்தோடு காட்டிய கடமைச் செல்வியே! எங்கள் பைகளையெல்லாம் பார்த்தும் எங்களில் ஒருத்தியையும் பழிக்காத பண்பின் உறைவிடமே! பெருமதிப்பிற்குரிய மரியம்மாள் அவர்களே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இங்கே சமைப்போரும் துடைப்போரும், வண்டி ஓட்டுவோரும் செடி வளர்ப்போரும், ‘சி’ விங் கட்டடத்தின் அடியில் கார்களை நகர்த்திவிட்டுக் கூடி, கை கூப்பி வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் முகத்தைப் பார்த்து ‘தாங்கள், தாங்கள்’ என்று கடைசிவரை புகழ்ந்துகொண்டே போவதுதான் முறை. அப்படிச் செய்தால் அம்மையார் பாதியில் எழுந்து போய்விடுவார் என்று இங்கே வீடு துடைக்கும் எஸ்தர் அடித்துச் சொல்கிறார். ஆகையால் கொஞ்ச நேரத்துக்கு அவர் இங்கே இல்லாதது போலவே அவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். அது எங்களுக்கு நன்றாகப் பழகிய வேலைதான்.

இன்னொரு வேண்டுகோள். இதை வாசிக்கும் ஹவுஸ்கீப்பிங் நிர்மல் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயில்; தமிழ் எழுத்து அவனுக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஃப்ரேம் போடப்போகிற மடல் என்பதால் வாக்கியங்களை நீட்டி எழுதச் சொல்லிவிட்டார்கள். நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கினால் சபையோர் பொறுத்தருள்க.

மரியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவரோடு இந்த ஊருக்கு வந்தவர். கணவர் இதே ஊரில் கட்கிப் பகுதியில் தொழிற்சாலை வேலையில் இருந்து நோயில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அந்த நேரத்தில்தான் பாரிஜாத்தில் இரண்டு வீடுகளில் பொருள் காணாமல் போயிருந்தது. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எங்கள் எல்லோர் மேலும் சந்தேகம். வேலைக்கு வரும் பெண்கள் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர்களின் கமிட்டி தீர்மானம் போட்டது. பெண்களின் பையை ஆண்கள் தொடக்கூடாது என்கிற நாகரிகமாவது அவர்களுக்கு இருந்தது. அதனால் மரியம்மாளுக்கு வேலை கிடைத்தது.

முதல் நாளே அவர் கமிட்டியிடம் ஒரு தடுப்பு கேட்டார். டிரைவர்களும் தண்ணீர்க் கேன்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு பெண்ணின் பையைத் திறக்க மாட்டேன் என்றார். தடுப்பு வரும்வரை வீட்டிலிருந்து ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டினார். பைக்குள் கைவிட்டுக் கிளறியதே இல்லை. “நான் தேடல. நீ காட்டுத, நான் பாக்கேன். அவ்வளவுதான்” என்பார். எந்த வீட்டிலாவது பழைய புடவையோ மிச்சப் பலகாரமோ கொடுத்திருந்தால், எங்களை மறுபடி மாடியேறிச் சீட்டு வாங்கிவரச் சொல்லாமல், தானே இன்டர்காமில் பேசிக் கேட்டுக்கொள்வார். இதற்கெல்லாம் நாங்கள் அவரைக் கொண்டாடியிருப்போம் என்று சபையோர் நினைக்கலாம். சோதிக்கிறவரை யார் கொண்டாடுவார்கள்? எங்களுக்கு அவர் ‘அந்தப் பொம்பளை’. மாடிவீட்டுக்காரர்களுக்கு மௌசி, அதாவது சித்தி. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூன்றாம் மாடியில் சமையல் செய்யும் பானு ஒரு டம்ளர் டீயோடு போய் நின்றாள்.

“அக்கா, நீங்க நம்ம ஊரா?”

“திருநவேலி. டீ வேண்டாம்ளா.”

“ஏன்க்கா, நாங்க குடுத்தா குடிக்க மாட்டீயளோ?”

“அப்படியெல்லாம் இல்ல. வேண்டாம்.”

பானு அதை மத விஷயமாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் எஸ்தர் கொடுத்த டீயும் திரும்பி வந்தது. எஸ்தர் அதற்குத் தன் பங்குக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். அப்புறம் மரியம்மாளின் சொந்த ஊருக்கு அடுத்த ஊர்க்காரி ஒருத்தி கொடுத்ததும் திரும்பியபோதுதான் இருவருக்கும் மனம் ஆறியது. எல்லோருக்கும் ஒரே மரியாதை!

எஸ்தர் லேசில் விடுகிறவர் அல்லர். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாயைப் பிடித்து, தான் போட்ட டீயை, மரியம்மாள் காசு கொடுத்து வாங்கும் கடை டீ மாதிரி கிளாஸில் ஊற்றி அனுப்பினார். மரியம்மாள் ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். “பாய் கடை டீயில இஞ்சி எப்ப வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு எஸ்தரை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் பயந்து இஸ்மாயில் பாய் அன்றைக்குக் கடைக்கு அரைமணி நேரம் ஷட்டர் இறக்கி வைத்திருந்தார்.

அதோடு நாங்களும் விட்டுவிட்டோம். மதியம் நாங்கள் படிக்கட்டின் கீழ் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் ஜெனரேட்டர் அறைப் பக்கம் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் ஒரே சந்துக்குத்தான் எல்லோரும் திரும்பிப் போக வேண்டும். முன்னால் நாங்கள் சிரித்துக்கொண்டு போவோம், பின்னால் அவர் வருவார். அவர் நடையை எட்டிப் போட்டு எங்களோடு சேர்ந்ததில்லை, நாங்கள் நின்றதுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மூன்றாம் மாடி அம்மாவின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. சமையல் பானு; சந்தேகமும் பானு. சாயங்காலம் பின்வாசலில் கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். போலீஸைக் கூப்பிட வேண்டும், அவள் வீட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு பேச்சு. பானு அழக்கூட முடியாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். போலீஸ் ஒருமுறை சந்துக்குள் வந்து போய்விட்டால், சங்கிலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இனி எந்தக் குடியிருப்பு சொசைட்டியிலும் அவளுக்கு அடுப்பு கிடையாது. இது அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மரியம்மாள் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். அவருக்கு வரும் ஹிந்தியில், மெதுவாகத்தான் பேசினார். “இவ பைய நான் பாத்தேன். டிபன் டப்பா, துப்பட்டா, ஒரு கட்டு கொத்தமல்லி. சங்கிலி இல்ல.”

கமிட்டியில் ஒருவர் சிரித்தார். இரண்டு பேரும் மதராஸிகள், ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுப்பாளா என்றார். மரியம்மாள் சீருடைச் சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பதில் வந்தது, சங்கிலியைப் பறிகொடுத்த அந்த அம்மாவிடமிருந்தே. “யே கிஸீ கீ சாய் நஹீ பீதீ” என்றார். இவள் யார் கொடுத்த டீயையும் குடிப்பதில்லை என்று பொருள். அவர் வீட்டு பால்கனி பின்வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. காயப்போட்ட துணியை எடுக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார்: டம்ளர் வருவதையும் திரும்பிப் போவதையும், வாளி மேல் தனியாக ஒருத்தி சாப்பிடுவதையும். “இவள் இவர்களோடு சேர்ந்தவள் இல்லை. இவள் பார்த்தேன் என்றால் பார்த்திருக்கிறாள்” என்றார். கூட்டம் கலைந்தது. போலீஸ் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் சங்கிலி அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள்ளேயே கிடைத்தது. அந்த அம்மா இறங்கி வந்து பானுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் பானு டீ கொண்டுபோனாள். இந்தமுறை டம்ளர் நிறைந்தபடியே திரும்பி வராது என்று நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா, இன்னைக்காவது.”

மரியம்மாள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேண்டாம்ளா. இப்ப நான் குடிச்சேன்னு வையி, நாளைக்கு எஸ்தருக்கு ஒண்ணுன்னா என் சொல்லு எடுபடாது. நான் உங்ககூட உக்காராம இருக்கதனாலதான் அன்னைக்கு உனக்காவ நிக்க முடிஞ்சிது.”

பானு அழுதுகொண்டே டம்ளரைத் திருப்பி எடுத்து வந்தாள். எங்களுக்கு அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகும் அவர் அந்த வாளியின் மேல்தான் உட்கார்ந்தார், நாங்கள் படிக்கட்டின் கீழ்தான் உட்கார்ந்தோம். வேறு வழியும் இல்லை. அவருடைய தனிமைதான் எங்களுக்குக் காவல் என்று தெரிந்த பின், அதை எப்படிக் கலைப்பது?

ஆனால் அந்தக் காவலுக்கு அவர் என்ன கொடுத்தார் என்பது போன வாரம்தான் தெரிந்தது. எஸ்தர் கேட்டுக் கேட்டு வாங்கிய பேச்சு அது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்க ஆள் இருக்காதாம். திங்கட்கிழமை காலையில் முதல் பையைப் பார்த்து “திற” என்று சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்குமாம். காய்ச்சலில் கிடந்தபோது சந்தில் எங்கள் பேச்சுச் சத்தம் கதவைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாராம். பானுவின் டீயைத் திருப்பிவிட்ட அன்று அறைக்குப் போய், அடுப்பில் தனக்கென்று டீ போட்டு, குடிக்காமல் அழுதாராம். கடைசியில் ஒன்று சொன்னாராம்: “அடுத்த வாரத்திலேருந்து யாரையும் சோதிக்க வேண்டாம், சரிதான். ஆனா யாருட்ட போயி எப்படிப் பேச்சத் தொடங்கதுன்னு மறந்துபோச்சு எஸ்தரு. இனிமே பழக வயசா?”

தாயே! இனி உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம், எழுந்து போய்விடாதீர்கள். நேற்று மாலையோடு நீங்கள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். இனி உங்கள் சாட்சி எங்களில் எவருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டாலும் அதை இனி நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லப் பழகிக்கொள்கிறோம். வாயிலைக் காத்த வாய்மையே, எங்கள் மானத்தைக் காத்த மாண்பே, உங்கள் முழங்கால் வலி தணிந்து, கண் தெளிந்து, கைகால் திடத்தோடு நெடுங்காலம் எங்கள் சந்திலேயே வாழ்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வாய் ஓயாமல் புத்திமதி சொல்லி, எஸ்தரோடு இரண்டு சண்டையாவது போட்டு, மகிழ்ந்திருக்க வேண்டும் என்று உளமார வேண்டுகிறோம். சாயங்காலம் சந்தில் நாங்கள் நின்று நடப்போம். நீங்கள் எட்டி நடக்க வேண்டாம்.

இப்போது உங்கள் முன்னால் பானு வந்து நிற்கிறாள். அவள் கையில் இருப்பது சால்வை அல்ல. இஞ்சி தட்டிப் போட்ட டீ. இஸ்மாயில் பாயிடம் கொடுத்து அனுப்பவில்லை, எதையும் மறைக்கவில்லை. பேச்சை எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

நிர்மல், இங்கே நிறுத்து. அவர் வாங்கிக் குடிக்கட்டும். டம்ளர் காலியாகிப் பானு கைக்குத் திரும்பிய பிறகு எங்கள் பெயர்களை வாசித்தால் போதும்.

பானு
எஸ்தர்
டிரைவர் அமல்ராஜ் (எழுதியவர்)
நிர்மல் (வாசித்தவர்)
டீக்கடை இஸ்மாயில்
மற்றும் பின்வாசல் வழியாக வந்துபோகும் அனைவரும்
பாரிஜாத் என்கிளேவ், கோந்த்வா, புனே