கொலர்த் துண்டுக் கரடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். போர்வையைக் காலடியில் இழுத்துச் செருகுங்கள், குளிர் கீழாலேதான் வரும். கரண்ட் வரும்போது வரட்டும். அதுவரை ஒரு கதை சொல்கிறேன். என் சிநேகிதி ஜெகதீஸ்வரியின் தம்பி வீட்டில் நடந்தது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள்... யாருடைய கை என்று முதலில் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

விடியக் காலை ஐந்து பத்து. தை மாதம். கோட்-டெ-நெய்ஜ் என்ற அந்தப் பிரெஞ்சுப் பேட்டையில் அந்த நேரம் றோட்டில் ஒரு உயிர் இராது. உப்புப் போட்ட பனி சப்பாத்துக்குக் கீழே நறுக்... நறுக்... அந்த ஒரு சத்தத்தோடுதான் சிவமலர் பஸ் தரிப்புக்கு நடப்பாள். ஜெகதீஸ்வரியின் தம்பி வசீகரனின் மனைவி. ஐந்து இருபத்திரண்டு பஸ்ஸை விட்டால் வேலைக்குப் பிந்திவிடும்.

வசீகரனுக்கு ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவான். இடையில் ஒரு மணி இருபது நிமிடம், அவர்களின் ஆறு வயது மகள் நிருஷா மூன்றாம் மாடியில் தனியே கிடப்பாள். வேறு வழி தெரியவில்லை அவர்களுக்கு. அவள் விடியவே வேலை தொடங்கினால்தானே மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம்.

பிள்ளை பாதி நித்திரையில் எழும்பி அழும். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால், அதுதான் விளக்குமாற்றுக் கம்பால், தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். டொக்... டொக். ஒரு நாள் கதவடியில் ஒரு துண்டுக் கடிதம் கிடந்தது. பிள்ளை இன்னொரு தரம் தனியே அழுதால் அரசாங்கத்துக்கு அறிவிப்பேன் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். அறிவித்தால் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். சிவமலருக்கு அந்த ஒரு பயம்தான். பேய் பிசாசெல்லாம் அதற்குப் பிறகு.

போகும்போது கட்டிலடியில் குனிந்து, "போட்டு வாறன், குஞ்சு" என்பாள். போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பதுதான் அது. நாங்கள் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர்களா? செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். அங்கே திரும்பி வருகிற பேச்சே எடுக்கக்கூடாது. பிறகு வெளியால் நின்று திறப்பால் பூட்டுவாள். உள்ளே ஒரு சங்கிலியும் இருந்தது. முன்பு குடியிருந்தவன் நெட்டையன், கதவின் உச்சியில் பொருத்தியிருந்தான். வசீகரனே கால் பெருவிரலில் எம்பித்தான் எட்ட வேண்டும். அதை யாரும் தொடுவதில்லை.

சிவமலர் வேலை செய்தது சென்ட் லோரன்ட் பக்கத்தில், பழைய உரோமக் கோட்டுகளைக் கரடிப் பொம்மையாக்கும் ஒரு தையல் கூடத்தில். தாய் செத்துப்போனால் அவளுடைய கோட்டை யார் போடுவது? எறியவும் மனம் வராது. பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கரடியாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

பொறுமையான வேலை. கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. தோல் பக்கம் கோடு கீறி, தூக்கிப் பிடித்து, பிளேடால் தோலை மட்டும் அறுக்க வேண்டும். உரோமம் ஒன்றுகூட வெட்டுப்படக்கூடாது. அறுபது வருசத் தோல்... மடக்கினால் காய்ந்த ஓலை மாதிரிச் சத்தம் போடும். சரக்... சரக்.

முதலாளி அம்மா, மதாம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். மிஞ்சிய துண்டு, கொளுக்கி, உள்துணி எல்லாம் கடதாசிப் பையில் போட்டு உரியவர்களிடமே போக வேண்டும். ஒரு நூல்கூட இங்கே தங்கக்கூடாது.

ஒரு நாள் தவிட்டு நிறத்தில் ஒரு மிங்க் கோட் வந்தது. கீரி மாதிரி ஒரு பிராணியின் தோல். பூச்சி உருண்டை மணம், அதற்குக் கீழே பழைய சிகரெட் மணம். சிவமலர் விளையாட்டாகப் போட்டுப் பார்த்தாள். நிலத்தில் இழுபட்டது. போட்டிருந்தவள் நல்ல உயரம். உள்துணியில் ஜனீன் என்று பேர் தைத்திருந்தது. அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கரடி. தைத்து முடிய, கழுத்துப் பட்டி, அந்தக் கொலர், மிஞ்சியது.

அந்தக் கொலரை அவள் பையில் போடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கரடி தைத்து, கண் வைத்து, பஞ்சடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிள்ளைக்கு ஒரு துணை. அவ்வளவுதான் நினைத்தாள், பாவம்.

அன்றிலிருந்து நிருஷா அழவில்லை. தும்புத்தடிச் சத்தமும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. காலையில் பிள்ளையின் தலை வடிவாக இரட்டைப் பின்னல் பின்னியிருந்தது. அவிழ்த்த தலையோடு விட்டுப் போன சிவமலர் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் அதைப் பார்த்து, மனுசன் பழகிவிட்டார் என்று நினைத்தாள். ஆறரைக்கு வந்து பார்த்த வசீகரன், பெண்சாதி பின்னிவிட்டுப் போகிறாள் என்று நினைத்தான். கேட்டுப் பார்க்க நேரம்? ஒருவர் நித்திரை கொள்ளும்போது மற்றவர் வேலையில். மூன்று கிழமை அப்படியே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முழித்திருந்து ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தார்கள்.

"இஞ்சாருங்கோ, தலை பின்ன எங்க பழகினனீங்கள்? என்னைவிட வடிவா எல்லோ பின்னுறியள்."

"என்ன பகிடியே? எனக்குச் சப்பாத்து நூலே ஒழுங்காக் கட்டத் தெரியாது. நீரெல்லோ பின்னிப்போட்டுப் போறனீர்."

"நானோ? அந்த நேரம் என்ர தலையே நான் சீப்பால இழுக்கிறேல்லை."

நிருஷா தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"அது ஜனீன் பின்னுறவ," என்றாள், தலை நிமிராமல். "நோகாமப் பின்னுவா, அம்மா. கைதான் சரியான குளிர்."

சிவமலர் எழும்பிப் போய்ப் பிள்ளையின் பின்னலை மணந்து பார்த்தாள். பூச்சி உருண்டை... அதற்குக் கீழே சிகரெட்.

அந்தப் பேரை அவள் பிள்ளைக்குச் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை பிள்ளை நித்திரையாகக் கிடக்கும்போதே கரடியை உருவி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நல்ல காலம், அன்று இரண்டு மணிக்கு அந்தக் கோட்டுக்காரியின் மகள் வந்தாள். மூன்று பெரிய கரடிகள், துண்டுகள் போட்ட கடதாசிப் பை, அதற்குள்ளே அந்தச் சின்னக் கரடி. மகள் அதைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கண் கலங்கிவிட்டது. "மெர்சி," என்று நன்றி சொன்னாள்.

சிவமலர் கதவைத் திறந்து பிடித்தாள். விடிய நாலு மணிக்கு எழும்பினவள், கால் இரண்டும் கடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வயதான மனுசி வீட்டை விட்டு வெளிக்கிடும்போது வழியனுப்புகிறவர்களின் வாயில் என்ன வருமோ, அது தானாக வந்துவிட்டது.

"போட்டு வாங்கோ, அம்மா."

மகளுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு போய்விட்டாள். சிவமலருக்கே பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் விளங்கியது, யாரைப் பார்த்து என்ன சொன்னோம் என்று; செத்தவளைத் திரும்பி வரச் சொல்லியல்லவா அனுப்பினாள்.

அடுத்த நாள். ஐந்து பத்து. நிருஷா கையால் கரடியைத் தடவித் தேடிக்கொண்டு, பாதி நித்திரையில் விசும்பினாள். கீழே தும்புத்தடி ஒரு தரம் டொக் என்றது. சிவமலர் பிள்ளையின் நெற்றியைத் தடவினாள், நேரத்தைப் பார்த்தாள்.

"போட்டு வாறன், குஞ்சு."

கதவைச் சாத்தினாள். திறப்பைத் திருப்பினாள். நடையில் நின்று காது கொடுத்தாள். விசும்பல்... விசும்பல்... சட்டென்று நின்றது.

பிறகு உள்ளே, கட்டில் பக்கமிருந்து கதவை நோக்கி, காய்ந்த தோல் மடங்குகிற சத்தம். சரக்... சரக்... சரக். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

கதவின் உச்சியில், பிள்ளைக்கு எட்டாத அந்தச் சங்கிலி, மெதுவாக... சர்ர்ர்... டக். உள்ளாலே கொளுவியது.

சிவமலர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் தட்டியிருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். உள்ளே அழுகை இல்லை, கீழே தும்புத்தடியும் இல்லை. மணி ஐந்து பதினேழு.

அவள் படி இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

ஆறரைக்கு வசீகரன் வந்தபோது சங்கிலி மாட்டியிருக்கவில்லையாம். பிள்ளை நல்ல நித்திரை. இரட்டைப் பின்னல்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எழும்புங்கள், கால் விறைத்திருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளும் தனியே கண் விழிக்காமல் இருக்கட்டும். உழைத்துக் களைத்தவர்களுக்கு ஆறுதலாக ஒரு நித்திரை கிடைக்கட்டும். நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போகும்போது, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கட்டும்.