கரி லாரியும் ஓர் அறையும்

ஜப்பான்காரர் காலம். கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"நேத்து தம்பி கன்னத்துல அறை வாங்கினான். நான் சாமிக்குத் தேங்காய் உடைச்சேன்!"

"என்னடி பேசுற?"

"ஜப்பான்காரன் மெக்கானிக் காலேஜ்ல அவனுக்குக் கடைசிப் பரீட்சை. பெட்ரோல் லாரியைக் கரியில ஓட மாத்திக் காட்டணும். ஓடலன்னா, போனவன் திரும்பி வராத அந்தச் சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிடுவாங்க."

"ஐயோ!"

"ஈரக் கரியா, பத்தவே இல்ல. நாம அடுப்புக்குப் போடுற மாதிரி காஞ்ச ரப்பர் பாலைப் போட்டுக் கொளுத்திட்டான். குப்புனு புகை! ஜப்பான் வாத்தியார் மூஞ்சியெல்லாம் கரி."

"அப்புறம்?"

"லாரி மேடு ஏறிடுச்சு. வாத்தியார் இறங்கி ஓங்கி ஒண்ணு விட்டாரு. அப்புறம் சயாம் பட்டியல்ல இவன் பேரை அடிச்சிட்டாரு."

"பாவம், வலிச்சிருக்கும்."

"வலிக்கட்டும்டி. வீட்டுலதானே படுத்து முனகுறான்!"