வெள்ளி மையில் கேசினி

சுருண்டுபோன விரிப்பின் ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கக் கூடாது. அடியிலுள்ள ரப்பர் இளகிவிடும். கனமான பலகையின் கீழ் ஓர் இரவு கிடந்தால் தானாக நேராகும். இது தெரியாமல் நல்ல பொருளைப் பாழாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் ஜனுசனைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதற்குத்தான் வருகிறேன். கல்முனையில் வெளிநாட்டுப் படச்சீட்டு விளையாடுகிறவர்கள் நாங்கள் சில பேர்தான். சீட்டுப் பரப்ப மேசையில் விரிப்புப் போடுவோம். சீட்டுகளுக்குப் படம் வரைகிற ஓவியர் அதில் கையெழுத்திட்டிருந்தால் அதன் மதிப்பே வேறு. என்னிடம் இருந்தவை கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியவை. எங்களோடு விளையாடிய ஜனுசனிடம் ஒன்றே ஒன்று. சுனாமியில் கடல் வந்த அன்று அது என் வீட்டில் கிடந்ததால் தப்பியது.

அடுத்த மாதம் அகதி முகாமுக்கு உதவிக்கு வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அப்படிப் படம் வரைகிறவர். பெயரைக் கேட்டதும் இருவரும் விரிப்புகளோடு ஓடினோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதாவது வரைந்து கொடுப்பது அந்த ஓவியர்களின் வழக்கம். கடல் கொண்டுபோன தங்கச்சி கேசினியின் முகத்தை ஜனுசன் சொல்லச் சொல்ல, அவர் அவனுடைய விரிப்பில் வெள்ளி மையில் வரைந்தார். வீட்டோடு போட்டோக்களும் போனதால் அந்தப் பிள்ளைக்கு வேறு முகம் மிச்சமில்லை. என் முறை வந்தபோது வாகனம் புறப்படப் பார்த்தது. எனக்குக் கையெழுத்து மட்டும்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் அதன்மேல் வியர்வைக் கையோடு விளையாடினான். தங்கச்சியும் கூட விளையாடுகிறாளாம். அவனுடைய அம்மா வசந்தினி அன்ரி அதைக் கொஞ்சிக் கொஞ்சி அழுவார். கண்ணீர் பட்டால் அந்த மை நிற்குமா? என்னிடம் தா என்று எத்தனையோ தரம் கேட்டேன். சிரித்தான்.

இயக்கத்தோடு ஆமியின் சண்டை முடிகிற காலத்தில், சிவில் உடுப்பில் ஆமிக்காரர் சிலர் என் கடைக்கு வந்தார்கள். சைக்கிளில் நீளக் குழாய் கட்டிக்கொண்டு திரிகிற பெடியன் யார் என்று விசாரித்தார்கள். விரிப்பைச் சுருட்டி வைக்கிற குழாய் அது. சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது, ஒருவரையும் தொட விடமாட்டான் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என் கடைக்கு வந்து போவான் என்பதையும் சொல்லி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஓரம் சுருண்டிருக்கிறது, பலகைக்குக் கீழ் வைத்துத் தருகிறேன் என்று விரிப்பை வாங்கிக்கொண்டேன்.

"கவனம் மச்சான், கேசினிய உன்னட்டத்தான் விட்டுட்டுப் போறன்," என்றான்.

வெறுங் குழாயைச் சைக்கிளில் நானே கட்டிவிட்டேன். சந்தியில் அந்த ஆட்களின் வான் வண்டி நின்றது. அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

சண்டையும் முடிந்துவிட்டது. தேடாத இடமெல்லாம் தேடிவிட்டு வசந்தினி அன்ரி இப்போது என் வாசலுக்குத்தான் வருகிறார்.

"அவன்தான் இல்ல. என்ட புள்ளட முகத்தையாவது தாங்க மனே," என்று கேட்கிறார்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தேத்தண்ணி கொடுத்து, தூரத்தில் பிடித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். கொடுக்க மட்டும் முடியாது. அது அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்தவன் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜனுசன் வந்து கேட்கட்டும், அந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன்.