தாமசின் லஸ்கம் நின்ற காவல்

அன்று ஆல்டர்காட் தேவாலயக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தானும் அங்கிருந்ததாகக் கதை விடக்கூடாது. என் பெரியப்பா ஜேபஸ் லஸ்கம். என் அப்பா சைலஸ். எங்கள் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த டக்கெட் சகோதரர்கள் இருவர். மாவு ஆலை ரூபன் குரோக்கரும் அவர் மகன்கள் மூவரும். பாதிரியார். கல்லறை வெட்டும் டிகரி. இரண்டு பெட்டிகளுக்குள், ஜேபஸின் தாய், அதாவது என் பாட்டி தாமசினும் ரூபனின் தகப்பன் ஏமஸும்.

ஒரே நாளில் இரண்டு அடக்கம். எங்கள் ஊரில் கடைசியாக அடக்கமானவரின் ஆவிதான் கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல் நிற்க வேண்டும். அடுத்த பிணம் வரும்வரை... மழையானாலும், பனியானாலும்.

எங்கள் பெட்டி முதலில் உள்ளே போகட்டும் என்று ஜேபஸ், குரோக்கர் வீட்டு டர்னிப் கிழங்கு வயலுக்குள் குறுக்கே இறங்கினார். அது உண்மை. ஆனால் ஓடவில்லை. லஸ்கம் வீட்டார் சவப்பெட்டியோடு ஓடமாட்டார்கள். வேகமாக நடந்தார்கள்.

"ஏய் ஜேபஸ்! உங்கம்மா உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு வேகமா போனதில்லையேடா!" என்று கத்தினார் ரூபன்.

"உங்கப்பாவுக்கு ஆலை வாசல்ல உட்கார்ந்து பழக்கம்தானே! இங்கயும் உட்காரட்டும்!" என்றார் ஜேபஸ்.

எங்கள் பெட்டிதான் முதலில் வாசலைக் கடந்தது.

மார்ச் மாதம் அது. அதன் பிறகு ஊரில் ஒரு சாவு இல்லை.

டிசம்பர். மாலை ஐந்து மணி. ஆலைப் பாதையில் ஜேபஸ் தனியாக வந்துகொண்டிருந்தார். காற்றில்லை. உறைந்த சேறு காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும். கல்லறைத் தோட்டத்து வாசலருகே நின்று, குறும்பாகக் கேட்டார்.

"என்ன ஏமஸ் பெரியவரே, காவல் நல்லா நடக்குதா?"

பதிலுக்கு இருமல். சின்னதாக... இரண்டு தடவை. பிறகு புதினா மிட்டாய் வாசனை.

ஏமஸ் புதினா தின்றதில்லை. தின்றவள் தாமசின். அவள் இருமல்தான் அது.

வாசலின் உட்புறம், பனிமேல், சின்னக் கால்தடங்கள். ஐந்து விரலும் தெரிந்தன. அவளை வெறுங்காலோடுதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

ஜேபஸ் நேராக டிகரி வீட்டுக்குப் போனார். டிகரி அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"உங்கம்மா குழியில தண்ணி ஊறிடுச்சு ஜேபஸ். நீங்கள்லாம் போனப்புறம் பெட்டியை ஓரமா வச்சிட்டு இறைச்சேன். அதுக்குள்ள ஏமஸ் குழியை மூடிட்டேன்... வாசலை யாரு முதல்ல தாண்டுனாங்கன்றது கணக்கில்லப்பா. கடைசியா மண்ணு யாரு மேல விழுந்துச்சுன்றதுதான்."

மறுநாள் ஜேபஸ் தாயின் பழைய பூட்ஸை வாசலுக்குள் வைத்தார். காலையில் அதில் புதுச் சேறு. தினமும் சேறு. ஊரிலோ யாருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை. ஜேபஸ்தான் இளைத்துக்கொண்டே போனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், இருட்டும் நேரத்தில், அப்பா அவர் பின்னாலேயே போய் சுவரோரம் நின்றார். ஜேபஸ் வாசலுக்குள் நுழைந்தார்.

"அம்மா... போதும்மா. நீ போய்ப் படு. நான் நிக்கிறேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. உட்பக்கமாக. *டக்.*

பிறகு ஒன்றுமில்லை. அப்பா கூப்பிட்டார். சுவரேறிக் குதித்தார்.

ஜேபஸ் ஆலைக் குளத்தில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்று இந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள். பொய். அவர் உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. பாதிரியார் தாமசினுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்; தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவனுக்கு அங்கே இடம் கிடையாது. அப்பா பார்த்தபோது ஜேபஸ் வாசலுக்குள், சுவரில் சாய்ந்து, உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். தாமசினின் பூட்ஸ் அவர் மடியில் இருந்தது... சேறு துடைத்து, கயிறு இரண்டையும் சேர்த்து முடிந்து, அன்றைய வேலை முடிந்ததும் அவள் வைப்பதுபோல.