குழாயடியில் ஊதாத்துளி

– கிட்ட வந்து பாருங்க, கடிக்காது. இது என்ன?

– பூ.

– அது எனக்கும் தெரியுது. செடி கணக்கெடுக்கிறதே பொழப்பா இருக்கிறவருக்குப் பேர் தெரியலையாக்கும்!

– ஊதாத்துளி. ஆனா இது இங்க வராதே! மலைக்கு அந்தப் பக்கம், ஆத்தோரத்துல மட்டும்தானே…

– ஆமா, உங்க சுருட்டைமுடிக்காரி வேலை பார்க்கிற இடத்துல மட்டும்தான். மலையேறி நம்ம பின்வாசலுக்கு நடந்தா வந்துச்சு?

– ஏம்மா, அந்த ஆபீஸை விட்டு மாத்தலாகி வந்ததுலேருந்து அந்தப் பக்கம் நான் காலே வைக்கலை.

– முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. விதை பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு ஊர் ஊரா போகும்னு சொன்னது யாரு?

– நான்தான். அதனாலதானே வண்டி ஏறுறதுக்கு முன்னாடி பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன்? பொண்டாட்டியைக்கூட இப்படிக் கவனிச்சதில்லைன்னு நீயே சிரிப்பியே.

– அவளைப் பார்த்த சந்தோஷத்துல ஒரு நாள் மறந்திருப்பீங்க.

– என் பூட்ஸ் முன்வாசல்லதான் கெடக்கும். இந்தக் குழாயடியில செருப்பு கழுவுறது யாரு?

– பேச்சை மாத்தாதீங்க, எனக்கு வயிறு எரியுது! அப்படி என்னதான் இருக்கு அவகிட்ட? முன்நெத்தியெல்லாம் நரை, மூஞ்சில பாதிக்குக் கண்ணாடி. அதுக்கா இந்த அலைச்சல்?

– கண்ணாடியா? அவ கண்ணாடி போட மாட்டாளே.

– இப்ப போடுறா.

– உனக்கெப்படித் தெரியும்?

– …யாரோ சொன்னாங்க.

– போன மழைக்கு உங்க அக்கா வீட்டுக்குன்னு போயிட்டு, செருப்பெல்லாம் சேறா வந்தியே. எங்க போனே?

– ஆமா, போனேன்! வெளிவேலைன்னு நீங்க பையைத் தூக்கினதும் மனசு கேட்கலை. அவ ஆபீஸ் எதிர்ல சேத்துல நின்னு பார்த்தேன். நீங்க இல்லை. அன்னைக்குத் தப்பிச்சிட்டீங்கன்னு நெனைச்சேன். இன்னைக்கு இந்தப் பூவைப் பார்த்ததும், சிக்கிட்டாருன்னு… சிரிங்க, நல்லா சிரிங்க.

– சிரிக்கலைம்மா. உன் செருப்புல வந்த விதைதான் இது. விட்டா தெரு முழுக்கப் பரவிடும். பிடுங்கிடறேன்.

– வேரோட பிடுங்குங்க. துளி மிச்சம் இருக்கக் கூடாது.

– சரி.

– என்ன, செடியில கையை வெச்சிட்டு அப்படியே உக்காந்துட்டீங்க?

– இல்ல… அதுக்குள்ள நரைச்சிடுச்சா? நல்லா இருக்காளா?