தூங்கலாம்

தமிழில் ‘லாம்’ போல சாதுவான விகுதி வேறு கிடையாது சார். வரலாம், உட்காரலாம், டீ சாப்பிடலாம். சற்று முன் ஸ்டேஷன் வாசலில் நின்ற உங்கள் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கூட என்னை “உள்ள போலாம்” என்றுதான் சொன்னார். யாரையும் அதட்டாத சொல். மொழிபெயர்ப்பிலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால் இதெல்லாம் என் கண்ணில் படும்.

என் பெயர் கலைவாணன். கருவடிக்குப்பத்தில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. நீங்கள் விசாரிக்கிற அந்த மருந்து பம்ப் எங்களுடையது. வைத்த அளவில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் செலுத்துகிற பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதன் அடியில் கெர்னல். எந்த வேலை ஓட வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கெர்னல்தான். அதன் மூல நிரல் ஒரு பெரிய ஊர் மாதிரி, சந்து பொந்துகளுக்குக் கணக்கே இல்லை. வழி சொல்லும் ஆவணங்கள் முழுக்க இங்கிலீஷில் இருக்கும். எங்கள் இன்ஜினியர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள், உள்ளே போனால் திரும்பி வரத் தெரியாமல் முழிப்பார்கள். அவர்களுக்காக நான் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினேன். எந்த ஃபங்ஷன், அதாவது எந்த நிரல் துண்டு, எந்தக் கோப்பில் இருக்கிறது, என்ன செய்யும், எங்கே அதைக் கூப்பிடக் கூடாது, எல்லாம் இருக்கும். என் அப்பா பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுத்தவர். அவர் கையெழுத்துப் போட்ட தமிழை யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கும் உண்டு.

தனக்கொடி வேலைக்கு வந்தபோது அவளுக்குக் கெர்னல் என்றால் என்னவென்றே தெரியாது. நெட்டப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என் வழிகாட்டியை வரி விடாமல் படித்தாள். “அண்ணா, உங்க தமிழ் இல்லன்னா நான் வேலைய வுட்டுட்டு ஊரப் பாக்கப் போயிருப்பேன்” என்றாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என்னை முழுதாகப் படித்த முதல் ஆள் அவள்தான்.

முழுதாகப் படிக்கிறவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. இரண்டு வேலைகள் ஒரே பொருளுக்காக முண்டியடித்து ஓடினால் ஒரு கோளாறு வரும், இங்கிலீஷில் ‘ரேஸ் கண்டிஷன்’ என்பார்கள். ஆரம்பத்தில், தொழில் புரியாத காலத்தில், அதை நான் ‘இன நிலைமை’ என்று எழுதியிருந்தேன். தனக்கொடி அதை ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். “சின்ன சந்தேகம்ணா, இது ஓட்டப்பந்தய ரேஸ்தானே?” கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி ஹிதாயத்துல்லா பாய் டீ நேரத்தில் என்னைப் பார்த்தால் போதும், “இன்னா சார், இன நிலைமை எப்படி இருக்கு?” என்பார். நானும் கூடவே சிரித்தேன். வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் அவளே வந்தாள். “அண்ணா, எங்க பாத்தாலும் கூடும், கூடும்னு வருது. செய்யுள் படிக்கிற மாதிரி இருக்கு. லாம்னு போட்டா எங்களுக்கு ஈசியா இருக்கும்” என்றாள். பாயும் அது நல்ல யோசனை என்றார். நான் வழிகாட்டி முழுக்க மாற்றினேன். கேட்டதைத்தான் கொடுத்தேன் சார், இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிற ஃபங்ஷன் ஒன்று உண்டு. பதில் தாமதமானால் அது தூங்கிவிடும். கெர்னலில் காத்துக் கிடப்பதற்குத் தூக்கம் என்று பெயர். சில இடங்களில் தூங்கவே கூடாது. ஒருவன் உள்ளே தாழ்போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டால் வெளியே நிற்கிறவர்கள் கதி என்ன? கெர்னலில் ஒரு வேலை பூட்டைப் பிடித்தபடி தூங்கினால் அதுதான் நடக்கும். என் பழைய பதிப்பில், ‘இது தூங்கிவிடக்கூடும், பூட்டைப் பிடித்திருக்கும்போது கூப்பிடக் கூடாது’ என்று இருந்தது. புதிய பதிப்பில், ‘இது தூங்கலாம்’. இரண்டாவது பாதி நீளமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

மழை வரலாம் என்றால் மழைக்கு நாம் அனுமதி கொடுப்பதில்லை. உள்ளே வரலாம் என்றால் அனுமதி. இரண்டும் ஒரே லாம்தான். தனக்கொடி எப்படிப் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தானே அவளுக்கு. இருந்தாலும் அவள் கவனமான பெண், வந்து கேட்டாள்.

“இங்க தூங்கலாம்னு இருக்கே அண்ணா. தூங்கினா பரவாயில்லதானே?”

“போட்டிருக்கிறபடிதாம்மா” என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பூட்டைப் பிடித்தபடியே அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்படி எழுதினாள். கெர்னலுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. இந்த மாதிரித் தப்பைக் கண்டால் உடனே எச்சரிக்கை எழுதிவிடுவான். ‘சோதனையில் வேகம் குறைந்தால் இந்த எச்சரிக்கையை அணைத்து வைக்கலாம்’ என்று அன்று சாயங்காலமே வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்தேன். அவள் அணைத்து வைத்தாள். மேசை மேல் பம்பை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. புது பேட்டரி உடனே பதில் சொல்லிவிடும். கொஞ்சம் பழசாக வேண்டும்.

முன்னோட்டமாக அரியாங்குப்பத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குச் சில பம்புகள் போயின. பேட்டரிகள் மெல்லப் பழசாகிக்கொண்டிருந்தன. நான் காலையில் பேப்பர் படிக்கிறவன். மின்தடை அறிவிப்பில், மறுநாள் அரியாங்குப்பம் என்று போட்டிருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பயனர் கையேட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பாயிடம் சொல்லிக் கிளம்பினேன். பாலம் தாண்டி வண்டியில் போனேன்.

அங்கே குஞ்சம்மாள் என்ற அம்மா எங்கள் பம்போடு படுத்திருந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து ஓடிக்கொண்டிருந்தது. தேறிவிட்டார், பேச்சு கணீரென்று இருந்தது. மகள் சந்திரகலா பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டார் அந்த அம்மா.

“தம்பி, இத மாட்டிக்கினு தூங்கலாமா? திரும்பிப் படுத்தா நின்னுடுமோன்னு பயமா இருக்குப்பா. ராவெல்லாம் முழிச்சிக்கினே கெடக்குறேன்.”

“தூங்கலாம்மா” என்றேன்.

மறுநாள் முற்பகல் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. பம்ப் பேட்டரிக்கு மாறி, மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, பூட்டோடு தூங்கிவிட்டது; மருந்து நின்றது. அலாரம் அடிக்கவும் அதே பூட்டு வேண்டும், அதுவும் காத்து நின்றது. திரையில் மட்டும் மருந்தின் அளவு சரியாகவே தெரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் வந்து திரையைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாராம். அம்மா நன்றாகத் தூங்குகிறார் என்று மகளும் எழுப்பவில்லை.

பம்ப் நிச்சயம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது சார். நிற்கலாம் என்று தெரியும்.

தனக்கொடி இப்போது ஊரில் இருக்கிறாள். சந்திரகலா வீட்டு வாசலில் போய் நின்று “நான்தாங்க்கா கொன்னுட்டேன்” என்று அழுதாளாம். சாப்பிடுவதில்லை என்கிறார்கள். அவளுக்காக நான் இங்கே வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அழட்டும் என்று பேசாமல் வீட்டில்தான் இருந்தேன்.

நேற்று நிபுணர் குழு அறிக்கை வந்தது. அவள் பேரில் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். சாவுக்குக் காரணம், ‘வழிகாட்டியில் ஏற்பட்ட மொழிபெயர்ப்புப் பிழை’. கூடவே ஒரு வரி, ‘மொழிபெயர்ப்பாளருக்குத் துறை அறிவு போதாமையால் நேர்ந்திருக்கலாம்’. பாய் எனக்குப் போன் போட்டு, “விடுங்க சார், தெரியாம நடந்த தப்புதானே” என்று ஆறுதல் சொன்னார். இன நிலைமை மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இந்தப் பென் டிரைவில் இருக்கின்றன. அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த ஒரு சொல் உட்காரும் இடத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்.