ஆயில் காணாத ஸ்பாஞ்சு

— முறுக்காதீங்க.

— முறுக்கல. பிழியறேன்.

— அதுக்குப் பேர் பிழியறதா? ஈரத்துணியை முறுக்கற மாதிரி முறுக்கறீங்க. ஸ்பாஞ்சு ஒட்டு விட்டுடும். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு மெதுவா அமுக்குங்க.

— சரிம்மா தாயே. ஒரு ஏர் ஃபில்டருக்கு ஆயில் போடக்கூட பொண்டாட்டிகிட்ட பரீட்சை எழுதணும்.

— எழுதித்தான் ஆகணும். எஞ்சினைப் பிரிச்சுக் கட்டினது நான். மேல உக்கார்றது மட்டும்தான் நீங்க... அது என்ன கையில?

— ஸ்ப்ரே. நாலு தடவை அடிச்சா வேலை முடிஞ்சுது. கையில ஒட்டாது.

— கையில ஒட்டாதது தூசியை மட்டும் எப்படிப் பிடிக்கும்? கீழ வைங்க. அந்த பாட்டிலை எடுங்க, நீலமா இருக்கே அது.

— அது பசை மாதிரி இருக்கு. எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

— அளவாப் போட்டா முட்டாது. வெளியில பாருங்க, கோழி கிளறினாலே புழுதி பறக்குது. மதியம் மண் பாதை பைக் ரேஸ்ல முன்னாடி போற அத்தனை வண்டியும் கிளப்பற மண்ணு இந்த ஸ்பாஞ்சுல வந்து நிக்கணும். தண்ணி மாதிரி ஆயில் போட்டா நிக்குமா?

— ஊத்தறேன். கத்தாத.

— ஊத்தி, அமுக்குங்க. எல்லாப் பக்கமும் ஒரே நீலமா வரணும். வெளுப்பா ஒரு இடம் தெரிஞ்சாலும் அது வழியா உள்ள போயிடும்.

— காலையிலேர்ந்து உன் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது. என்ன ஆச்சு இன்னைக்கு?

— சொல்றேன். இதைப் பிடிங்க.

— என்ன இது?

— இப்பதான் வண்டியிலேர்ந்து கழட்டினேன். பழைய ஸ்பாஞ்சு. தொட்டுப் பாருங்க... தொடுங்க, கடிக்காது.

— தொட்டாச்சு. அழுக்கா இருக்கு.

— அழுக்கு இருக்கட்டும். ஆயில் எங்க? போன ஞாயிறு கழுவி மாட்டினது நீங்க. 'ஷெட்ல நாள் முழுக்க நிக்கற, நீ போய்ப் படு, நானே பாத்துக்கறேன்'னு அவ்வளவு கரிசனம்.

— போட்டேனே. காய்ஞ்சிருக்கும்.

— காயறதுக்கு இது என்ன தலைக்குத் தேய்ச்ச எண்ணெயா? போட்டிருந்தா ஸ்பாஞ்சு முழுக்க நீலம் பிடிச்சிருக்கும். ஒரு பொட்டு நீலம் காட்டுங்க, நான் இந்த ஷெட்டை இழுத்து மூடிட்டுப் போறேன்.

— நீலம் தீர்ந்து போயிருந்துச்சு. எஞ்சின் ஆயில் ஊத்தினேன்.

— பாட்டில் முக்கால்வாசி இருக்கு. உங்க கையிலதான் இருக்கு.

— ...அன்னைக்குக் கண்ணுல படல.

— சரி, எஞ்சின் ஆயில்னே வெச்சுக்குவோம். அது ஸ்பாஞ்சுல நிக்காது. வடிஞ்சு அடியில தேங்கும். ஃபில்டர் உக்கார்ற ஏர் பாக்ஸ் அடியை இந்தத் துணியால துடைச்சேன். பாருங்க... மண்ணு, வெறும் மண்ணு. எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ள விரலை விட்டேன். அங்கயும் மண்ணு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.

— நீ என்ன போலீசா?

— மெக்கானிக். போலீஸா இருந்தா இந்நேரம் விட்டிருப்பாங்க. அமுக்கிட்டே பேசுங்க, அந்த ஓரம் வெளுப்பா இருக்கு.

— இரு, நான் ஒண்ணு கேக்கறேன். கழுவி மாட்டினதுக்கு அப்புறம் நான் வண்டியைத் தொடவே இல்ல. உறை போட்டு மூடி வெச்ச வண்டி. அப்ப இவ்வளவு மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. இப்பதான் ஆரம்பிக்கறேன். யாரோ எடுத்து ஓட்டியிருக்காங்க. ஒரு நாள் இல்ல, பல நாள். யாரு, உன் அருமைத் தம்பியா?

— என் தம்பியை எதுக்கு இழுக்கறீங்க?

— அவன்தானே தினமும் சாயங்காலம் அக்காவைப் பாக்கற சாக்குல இங்க வந்து நிக்கறான். நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள துரைக்கு ஒரு சவாரி. அக்காவும் தம்பியும் கூட்டு.

— ஓட்டினா என்ன? வண்டி தேஞ்சா போயிடும்?

— தேயும். அதைத்தானே இவ்வளவு நேரமா எனக்குப் பாடம் எடுத்த.

— ஆயில் இருந்திருந்தா தேயாது. இல்லாததாலதான் நீங்க பழகற மேடு ஏறும்போது இழுக்கவே மாட்டேங்குது, பாதியில இருமி இருமி...

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— ...தம்பி சொன்னான்.

— ஆக, அவன்தான்.

— அது கிடக்கட்டும். நீங்க பதில் சொல்லுங்க. மறந்தீங்களா, வேணும்னே விட்டீங்களா?

— மறந்துட்டேன். மனுஷன் மறக்கவே கூடாதா?

— ஸ்பாஞ்சுக்கு ஆயில் மறந்தவர் விளிம்புக்கு கிரீஸ் மட்டும் மறக்கலையே. சுத்தி வர அழகாத் தடவியிருக்கு. மேலோட்டமா எட்டிப் பாத்தா எனக்குச் சந்தேகம் வரக்கூடாது, அதானே? ஸ்பாஞ்சைக் கீழ வெச்சுட்டு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— வேணும்னேதான் விட்டேன். போதுமா?

— எதுக்கு?

— ரேஸ் நடுவுல எஞ்சின் நின்னுடும்னு. 'பாவம், நல்லாத்தான் ஓட்டினான், வண்டி கைவிட்டுடுச்சு'ன்னு பேசிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. நானும் வீட்டுக்கு வந்துடுவேன்.

— எஞ்சின் என்ன ஃபேன் ஸ்விட்சா, நீங்க நினைச்ச இடத்துல நிக்கறதுக்கு? உள்ள தேஞ்சு தேஞ்சு, எப்ப இறுகிப் பிடிச்சுக்கும்னே தெரியாது. மேட்டுலேர்ந்து குதிச்சு இறங்கும்போது பிடிச்சா பின் வீல் சுத்தாம பூட்டிக்கும். ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். தெரியுமா தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சும்தான். போன ரேஸ்ல விழுந்து தோள் இறங்கிச்சே... தோள் சரியாயிடுச்சு. கை சரியாகல. ஸ்டார்ட்ல போய் நிக்கறதை நினைச்சாலே கிளட்ச் பிடிக்கற விரல் தந்தி அடிக்குது. எனக்குப் பயமா இருக்கு. இப்ப சிரி.

— சிரிக்கற மூஞ்சியா இது? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. நான் ராப்பகலா உக்காந்து கட்டின எஞ்சினைக் கொல்ல மட்டும் கை வந்துச்சா?

— யார்கிட்ட சொல்றது? உன்கிட்டயா? தெருவுல போறவங்களை நிறுத்தி வெச்சு, 'எங்க வீட்டுக்காரர் எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து ஓட்டுவார்'னு நீதானே சொன்ன. அதுக்கு மேல நான் எந்த வாயால சொல்றது?

— கட்டுப் போட்டுப் படுத்துக் கிடந்தீங்க. உங்க மனசு விட்டுடக் கூடாதேன்னு சொன்னேன். ஓட்டியே ஆகணும்னு சொன்னேனா?

— எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

— அப்ப என்கிட்ட கேட்டிருக்கணும். பேசாத வண்டியைப் பிடிச்சு வதைக்கக் கூடாது. எனக்கு வர்ற கோவத்துக்கு... நகருங்க. ஸ்பாஞ்சை நானே பிழியறேன்.

— சரி, தப்பு என்னுதுதான். கால்ல வேணா விழறேன். இப்ப ஒரு வழி இருக்கு. ரேஸ் ஆரம்பிக்கற வரைக்கும் பேரை மாத்திக் கொடுக்கலாம். எனக்குத் தோள் வலின்னு சொல்லிடுவோம். உன் தம்பி ஓட்டட்டும்.

— யாரு, அவனா?

— ஆமா. இழுக்காத வண்டியை வெச்சுக்கிட்டு இவ்வளவு மண்ணைக் கிளப்பியிருக்கான்னா, பய அந்த மேட்டை விடாம தாண்டியிருக்கான். எனக்கு இல்லாத தைரியம் அவனுக்கு இருக்கு. வயித்தெரிச்சல்ல சொல்லல, மனசாரச் சொல்றேன்... என்ன, ஏன் அப்படிப் பாக்கற?

— என் தம்பி கியர் மாத்தினாலே வண்டி நின்னுடும். அவன் வந்தது காவலுக்கு, நீங்க வந்தா விசில் அடிக்க. 'பொம்பளை ஓட்டினா கிளட்ச் மிஞ்சாது'ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிச்சீங்களே, அன்னைக்கு ஆரம்பிச்சேன். இந்த வாரம் முழுக்க, நீங்க ஆயில் போடாம மாட்டின ஸ்பாஞ்சோட, அந்த மேட்டுலேர்ந்து குதிச்சது நான்.